கார்டு கேட்கும் ஊசி

எங்கள் கட்டிடத்துக்குக் கீழே இருக்கும் மருந்துக்கடையில் அக்டோபர் பிறந்ததும் ஒரு பேனரை இழுத்துக் கட்டிவிடுவார்கள். ஃப்ளூ ஊசி இங்கே போடப்படும் என்று அரபியிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கும். கூடவே சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு சிரிக்கும் ஒரு குடும்பத்தின் படம். ஊசி போட்டுக்கொள்ளும்போது யார் இப்படிச் சிரிக்கிறார்கள் என்று எனக்கு வருஷா வருஷம் தோன்றும். துபாயின் சத்வா பகுதியில் அந்தப் பேனரைப் பார்த்துத்தான் வெயில்காலம் முடிந்தது என்று தெரிந்துகொள்வேன். வெளியே போய் நின்றால் அப்போதும் வியர்க்கத்தான் செய்யும். ஆனால் பஸ்ஸில், லிஃப்டில், ஆபீஸில் எல்லாம் ஜனங்கள் இருமத் தொடங்கியிருப்பார்கள்.

போன வருஷம் வரைக்கும் நான் அந்தப் பேனரை ஒரு பொருட்டாக மதித்ததில்லை. இந்த வருஷம் அதைக் கட்டுவதற்கு முன்பே கடைக்குப் போய், ஊசி வந்துவிட்டதா என்று இரண்டு தடவை விசாரித்தேன்.

காரணம் என் கணவர். போன குளிர்காலத்தில் அவருக்கு நிமோனியா வந்தது. ஒரு கட்டுமான கம்பெனியில் சைட் சூப்பர்வைசராக இருந்தார். காண்ட்ராக்ட் புதுப்பிக்கும் நேரம் என்பதால், இருமலை யாருக்கும் தெரியாமல் மறைத்துக்கொண்டு டியூட்டிக்குப் போய்வந்தார். நோயாளி என்று பெயர் வாங்கிவிட்டால் முதலில் தன்னைத்தான் கழித்துக்கட்டுவார்கள் என்று பயம். கடைசியில் ஒருநாள் மூச்சு வாங்கி சைட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். ஐசியூவில் வைத்துப் பார்த்து ஆளைத் திருப்பிக் கொடுத்தார்கள். வேலைதான் திரும்பி வரவில்லை. இப்போது அவர் என் விசாவில் இருக்கிறார். லிஃப்ட் வேலை செய்யாத நாட்களில் படியேறும்போது பாதியில் நின்று, சுவரில் எதையோ ஆராய்வதுபோல் பாவனை செய்து மூச்சு வாங்கிக்கொள்வார். நானும் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

இன்னொரு தடவை நெஞ்சில் தொற்று இறங்கினால் இந்த நுரையீரல் தாங்காது என்று டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார். என் கணவர் ஒருவருக்கு ஊசி போட்டால் போதாது, ஒரே கூரையின் கீழ் இருக்கும் எல்லோரும் போட்டுக்கொள்ள வேண்டுமாம். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். மூன்று பேர் என்றேன். மகனா என்றார். மகள்தான், கோவையில் படிக்கிறாள். மூன்றாவது ஆள் எங்களோடு தங்கியிருக்கிறவர் என்றேன். துபாயில் டாக்டராக இருப்பவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

தங்கியிருக்கிறவர் என்று மரியாதையாகச் சொன்னாலும் எங்களுக்கு அவன் தம்பிதான். பரமக்குடிப் பக்கம். ஏசி மெக்கானிக். எங்கள் சமையலறைக்குப் பக்கத்தில், முன்பு யாரோ வேலைக்காரப் பெண்ணுக்கென்று கட்டிவைத்த ஒரு சின்ன அறை இருக்கிறது. தனியாக ஒரு குட்டி பாத்ரூமும் உண்டு. ஹாலுக்கும் அதற்கும் நடுவே செங்கல் கிடையாது, வெறும் பலகைதான். அந்த அறையில்தான் நான்கைந்து வருஷமாக இருக்கிறான். கம்பெனி ஆட்கள் தங்கும் கேம்ப் அல் கூஸ் பகுதியில் இருந்தது. இரண்டடுக்குக் கட்டிலில் தூக்கம் வரவில்லை என்று எங்களிடம் வந்தவன். சாப்பாடும் எங்களோடுதான். என்னை அக்கா என்பான், அவரை அண்ணே என்பான். "ஒன்னு அவளை அண்ணின்னு கூப்பிடு, இல்ல என்னை மச்சான்னு கூப்பிடு. முறை இடிக்குதுல்ல?" என்று கணவர் கேலி செய்வார். அவன் சிரித்துவிட்டு மறுபடி அப்படியே கூப்பிடுவான்.

கணவர் வேலையில்லாமல் வீட்டோடு இருக்க ஆரம்பித்ததிலிருந்து அவருக்குப் பேச்சுத்துணை அவன்தான். நான் ஆபீஸிலிருந்து வந்து பையைக் கீழே வைக்கும்போதே என் பேச்சும் தீர்ந்துபோயிருக்கும். அவன் டியூட்டி முடிந்து வந்து குளித்துவிட்டு ஹாலில் உட்கார்ந்தால், எந்தக் கட்டிடத்தில் எந்தக் குழாய் ஒழுகுகிறது, அதை எந்தக் கூறுகெட்டவன் போட்டான் என்று இரண்டு பேரும் துபாயையே பிரித்து மேய்வார்கள். அந்த நேரத்தில் மட்டும்தான் இவர் முகத்தில் ஒரு சூப்பர்வைசர் தெரிவார்.

கணவருக்கு ஆஸ்பத்திரியிலேயே ஊசி போட்டாயிற்று. நான் ஒருநாள் ஆபீஸ் விட்டு வரும் வழியில் கீழே மருந்துக்கடையில் போட்டுக்கொண்டேன். டயபர் பாக்கெட்டுகள் அடுக்கிய அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு திரை. திரைக்குப் பின்னால் ஒரு நாற்காலி. கடையில் இருப்பது ஒரு மலையாளப் பெண். என் ஐடி கார்டை வாங்கி மெஷினில் செருகி, கம்ப்யூட்டரில் எதையோ தட்டிவிட்டு, "சேச்சி, முட்டை அலர்ஜி ஏதும் உண்டோ? இப்போ காய்ச்சல் இல்லையல்லே?" என்று கேட்டாள். ஊசி ஏறியதே தெரியவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்கச் சொன்னாள். காலையிலிருந்து என்னை யாரும் சும்மா உட்காரச் சொன்னதில்லை. அந்த நாற்காலிக்காகவே இன்னொரு ஊசி போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

மிச்சம் தம்பி. இதோ போகிறேன், அதோ போகிறேன் என்று நாளைக் கடத்தினான். முதலில் டியூட்டி என்றான். பிறகு ஓவர்டைம். பிறகு, இடது கையில் போட்டால் ஏணி பிடிக்க முடியாது, வலது கையில் போட்டால் ஸ்பேனர் பிடிக்க முடியாது என்றான். "அப்ப தொடையில போடச் சொல்றேன்" என்றேன். "அய்யோ அக்கா" என்று அறைக்குள் ஓடிவிட்டான். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. அதற்குள் ஆபீஸில் என் பக்கத்து சீட்காரர் மூக்கைச் சிந்தத் தொடங்கிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைக் கையோடு கீழே கூட்டிக்கொண்டு போனேன். ஆட்டுக்குட்டி மாதிரி பேசாமல் வந்தான். திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து சட்டைக்கையைக்கூடச் சுருட்டிவிட்டான். அந்தப் பெண் கையை நீட்டி, "ஐடி தரணும்" என்றாள்.

"ஐடி எதுக்கு?" என்றான்.

"சிஸ்டத்தில் என்டர் செய்யணும். யாருக்குப் போட்டதுன்னு வேணுமல்லோ."

அவன் கை தானாகச் சட்டைப்பையின் மேல் போய் நின்றது. கார்டு அந்தப் பையில், போன் கவருக்குள் இருக்கிறது என்று எனக்கே தெரியும். "ரூம்ல வச்சுட்டு வந்துட்டேன்" என்றான். நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்காமல் சட்டைக்கையை இறக்கிவிட்டுக்கொண்டான். "கலாஸ்க்கா, இன்னைக்கு விட்ருங்க, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று எழுந்து கடையை விட்டு வெளியே போய்விட்டான்.

எனக்கு வந்த கோபத்தில் இடம் பொருள் தெரியவில்லை. தையல்கடை வாசலில் வைத்து அவனைப் பிடித்துக்கொண்டேன். "ஊசிக்குப் பயப்படுற ஆளாடா நீ? நாலாவது மாடியில தொங்கிக்கிட்டு ஏசி மாட்டுறவன்! உன்னால அவருக்குக் காய்ச்சல் வந்து மூச்சு நின்னுச்சுன்னா, நீ வந்து ஊதுவியா?" தையல்கடைக்காரர் மெஷினை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்.

"சத்தம் போடாதீகக்கா" என்றான். கொஞ்ச தூரம் நடந்து, ஒரு மூடிய கடையின் ஷட்டருக்கு முன்னால் நின்றோம். "ஊசிக்கு யாருக்கா பயந்தா? கார்டக் கேக்குறாங்கள்ல. அடுத்த மாசம் எனக்கு விசா ரெனிவல். மெடிக்கலுக்குப் போகணும். இந்த நேரத்துல கார்டக் குடுத்து ஊசி போட்டா, இவனுக்கு என்னமோ சளிக்கேடு இருக்கு, அதான் போட்டிருக்கான்னு மெடிக்கல்ல காட்டிரும்க்கா."

"ஃப்ளூ ஊசிக்கும் மெடிக்கலுக்கும் என்னடா சம்பந்தம்?"

"ஒங்களுக்குத் தெரியாது. முன்ன ஓமான்ல, சோஹார்ல இருந்தப்ப எக்ஸ்ரேல என் நெஞ்சுல வெள்ளையா ஒரு தழும்பு வந்துச்சு. சின்னப் பிள்ளைல எப்பவோ டிபி வந்து ஆறிப்போனதாம். எனக்கே தெரியாது. அன்ஃபிட்டுன்னு சொல்லி ஊருக்கு ஏத்திவிட்டாக. இங்கிட்டு வந்தப்ப சளியெல்லாம் டெஸ்ட் பண்ணிப் பாத்து, ஒன்னுமில்லன்னு விட்டாங்க. ஒவ்வொரு ரெனிவலுக்கும் உசுரு போயிட்டு வருதுக்கா. ஊருல ரெண்டு பிள்ளைக இருக்கு."

அப்போதுதான் எனக்குப் பல விஷயங்கள் விளங்கின. பல்வலிக்குக் கன்னத்தில் கிராம்பை அடக்கிக்கொண்டு அலைந்தானே தவிர கிளினிக் பக்கம் போனதில்லை. காய்ச்சல் என்றால் பனடால் மாத்திரை. கார்டைக் கேட்கும் இடம் எதற்குள்ளும் அவன் கால் வைத்ததில்லை. கொஞ்ச நாளாக எங்கள் ஃப்ரிட்ஜ் முழுக்கப் பால் பாட்டிலாக இருந்ததற்கும் இதுதான் காரணம். மெடிக்கலுக்கு முந்தின மாதம் சிகரெட்டை நிறுத்திவிட்டு தினமும் பால் குடித்தால் எக்ஸ்ரே சுத்தமாக வரும் என்று கேம்ப்பில் ஒரு நம்பிக்கை. ஊரில் எல்லோரும் நோய்க்குப் பயப்படுவார்கள். இங்கே நோய் வெளியே தெரிந்துவிடுமோ என்று பயப்படுகிறார்கள். வீட்டில் சோபாவில் சாய்ந்திருக்கும் மனிதரும் அதே பயத்தில்தான் நெஞ்சைக் கெடுத்துக்கொண்டார்.

திரும்பிப் போய் அந்த மலையாளப் பெண்ணிடம் கேட்டேன். இந்த ஊசி யார் விசாவையும் ஒன்றும் செய்யாது, மெடிக்கலில் பார்ப்பது எக்ஸ்ரேயும் ரத்தமும்தான், ஊசி போட்டதால் யாரையும் அன்ஃபிட் ஆக்கமாட்டார்கள் என்றாள். வந்து அவனிடம் அப்படியே சொன்னேன். "மருந்துக்கடைப் பொண்ணு சொல்லுச்சுன்னு கம்பெனில சொன்னா விட்ருவாகளாக்கா?" என்றான். அவள் சொன்னதுதான் சரி என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் விசா விஷயத்தில் நான் பொறுப்பு என்று யாருக்கு யார் இங்கே சொல்ல முடியும்? எனக்கு ரொம்பக் களைப்பாக இருந்தது.

அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிவிட்டேன். "ஊசி போட்டுக்கோ. இல்லேன்னா அவருக்குக் குளிர்காலம் தாண்டுற வரைக்கும் வேற இடம் பாத்துக்கோ. எனக்கு வேற வழி தெரியல தம்பி." தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றான். கணவர் சோபாவிலிருந்து, "நானும் போன வருஷம் இப்படித்தான்டா மறைச்சேன். என்ன ஆச்சுன்னு பாத்தேல்ல?" என்றார். அவன் தலையை ஆட்டினான். சோற்றைப் பிசைந்தான், சாப்பிடவில்லை.

மறுநாள் நான் ஆபீஸிலிருந்து வந்தபோது ஒரு பையைக் கட்டி வைத்திருந்தான். "கேம்ப்ல கட்டில் ஒன்னு காலியா இருக்காம். மெடிக்கல் முடியட்டும்க்கா. ஃபிட்டுன்னு வந்துருச்சுன்னா அன்னைக்கே வந்து ஊசி போட்டுக்கறேன். சத்தியமா." கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். போகும்போது எங்கள் ஏசியின் ஃபில்டரைக் கழற்றிக் கழுவி மாட்டிவிட்டுப் போனான். "தூசி அண்ணனுக்கு ஆகாது" என்றான்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் டியூட்டி முடிந்து வருவான். உள்ளே வரமாட்டான். கேம்ப்பில் ஒரே அறையில் பலபேர், எல்லோருக்கும் இருமல், அதனால் வாசலோடு சரி என்று அவனே சட்டம் போட்டுக்கொண்டான். கரக் சாயா வாங்கிவந்து வாசலில் வைத்துவிட்டு, எதிரே மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொள்வான். கணவர் ஒரு நாற்காலியை இழுத்துக் கதவுக்கு உள்ளே போட்டுக்கொள்வார். இரண்டு பேரும் நடுவில் அவ்வளவு இடம் விட்டு, பழையபடி துபாயைப் பிரித்து மேய்வார்கள். மற்ற நாட்களில் கணவர் யாரோடும் பேசுவதில்லை. டிவி ஓடிக்கொண்டிருக்கும், அவர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருப்பார். நான் சாப்பிட்டீர்களா என்பேன், அவர் ஆச்சு என்பார். அவர் நெஞ்சைக் காப்பாற்றத்தான் இத்தனையும் செய்தேன். அந்த மனுஷர் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே போனார். எது சரி என்று யோசிக்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

டிசம்பரில் ஒருநாள் மத்தியானம், ஆபீஸில் எனக்குக் கண் எரிந்தது. முதுகு வலித்தது. வழக்கமான அலுப்புதான் என்று நினைத்தேன். எனக்கு அலுப்புக்கும் காய்ச்சலுக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்ப் பல வருஷமாகிறது. வழியில் மருந்துக்கடைக்குப் போய் ஒரு டெஸ்ட் கிட் வாங்கி, அந்தத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து மூக்கில் குச்சியை விட்டுப் பார்த்தேன். கோடு விழுந்தது. ஃப்ளூதான்.

"நான்தான் ஊசி போட்டேனே!" என்று அந்தப் பெண்ணிடம் சண்டைக்குப் போவதுபோல் கேட்டேன்.

"போட்டாலும் சிலருக்கு வரும் சேச்சி. வந்தாலும் லேசாப் போகும். சேட்டனுக்கும் போட்டதல்லே? பயப்படாதீங்க. மாஸ்க் போட்டுத் தனியா இருங்க, டாக்டரையும் ஒரு வார்த்தை கேட்டுடுங்க" என்றாள்.

வாசலில் ஒருவனை நிறுத்தி வைத்துவிட்டு, காய்ச்சலை நானே சுமந்துகொண்டு வீட்டுக்குள் போகிறேன். லிஃப்டில் ஏறும்போது எனக்கு அழுகை வந்தது. அழுதால் மாஸ்க் நனையும் என்று அடக்கிக்கொண்டேன். டாக்டருக்கு போன் செய்தேன். கணவருக்கு முன்னெச்சரிக்கையாக மாத்திரை எழுதிக்கொடுத்தார். வீட்டில் தனி பாத்ரூமோடு இருப்பது தம்பியின் அறை ஒன்றுதான். தலையணையை எடுத்துக்கொண்டு அதற்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இத்தனை வருஷத்தில் அந்த அறையில் நான் படுத்ததில்லை. காலை நீட்டினால் சுவர் இடித்தது. ஊருக்கெல்லாம் குளிரூட்டுகிறவன் அறைக்கு ஏசிக்காற்று சரியாக வரவில்லை. பலகைக்கு அந்தப் பக்கம், ஹால் சோபாவில் கணவர் படுத்திருந்தார். நெஞ்சு உயரமாக இருந்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். நோய் வந்த நாளிலிருந்தே படுக்கை அங்கேதான். என் படுக்கையறைக்குக் கேட்காததெல்லாம் இங்கே கேட்டது. அவர் புரள்வது கேட்டது. மூச்சை இழுக்கும்போது வரும் சின்ன விசில் கேட்டது. காதுக்குப் பக்கத்தில் வைத்ததுபோல் ஒவ்வொன்றும் கேட்டது.

போன வருஷம், சைட்டில் அவர் உட்கார்ந்துவிடுவதற்கு முன்னால், "அண்ணனுக்கு மூச்சு சரியில்லக்கா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று என்னிடம் முதலில் சொன்னவன் தம்பிதான். இவனுக்கு எப்படித் தெரியும் என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. இந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

காய்ச்சல் அந்தப் பெண் சொன்னதுபோல் லேசாகத்தான் இருந்தது. எனக்குப் பயம் என் காய்ச்சலைப் பற்றியே இல்லை. பலகைக்கு அந்தப் பக்கம் அவர் தொண்டையைச் செருமினால்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவேன். கதவுக்கு வெளியே கஞ்சியை வைத்துவிட்டு அவர் தள்ளிப்போன பிறகு கதவைத் திறப்பேன். "இருமல் இருக்கா?" என்று கத்துவேன். "இல்ல, இல்ல. நீ சாப்பிடு" என்பார்.

காய்ச்சல் விடத் தொடங்கியிருந்த ஒரு சாயங்காலம் போனில் தம்பியின் வாய்ஸ் மெசேஜ் வந்தது. மூச்சிரைக்கப் பேசியிருந்தான். "அக்கா, ஃபிட்டு! மெசேஜ் வந்துருச்சு! நேரா நம்ம மருந்துக்கடைக்குத்தான் வந்தேன். கார்டக் குடுத்தேன். ஊசி போட்டாச்சு. கீழதான் நிக்கிறேன். என் ரூமுக்கு வரவாக்கா?"

அந்தக் குரலை இரண்டு தடவை போட்டுக் கேட்டேன். பிறகு அவன் கட்டிலில், அவன் போர்வைக்குள் படுத்துக்கொண்டு டைப் செய்தேன். "வராதே தம்பி. எனக்கு ஃப்ளூ. உன் ரூம்லதான் படுத்திருக்கேன்."

பதில் வந்தது. "ஊசி போட்ட ஒங்களுக்காக்கா?" அதற்குப் பின்னால் இன்னொன்று. "அண்ணனுக்கு?"

"அவருக்கு இதுவரைக்கும் ஒன்னுமில்ல."

"சரிக்கா. நான் படிலயே உக்காந்துக்கறேன்."

சற்று நேரத்தில் வாசல் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. என்ன பேசுகிறார்கள் என்று தெளிவாக விளங்கவில்லை. ஏதோ ஒரு கட்டிடம், ஏதோ ஒரு குழாய். நடுவில் அவன் என்னமோ சொல்ல, அவர் சிரித்தார். எத்தனையோ வாரத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். அவருக்குச் சிரித்தால் பின்னாலேயே இருமல் வரும், அதுதான் வழக்கம். பலகையில் காதை வைத்துக்கொண்டு இருமலுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. இரண்டாவது தடவையும் சிரித்தார். அப்போதும் வரவில்லை.